வேனில் ஒரு குளிர்காலம்

தலைப்பைப் பார்த்ததும் தமிழ் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இளவேனில், முதுவேனில் என்று வெயில் காலத்துக்குப் பெயர் வைத்த மொழியில் ‘வேனில் ஒரு குளிர்காலம்’ முரண்தான். நான் சொல்ல வருவதோ துருப்பிடித்த பக்கக் கதவும் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இயந்திரமும் கொண்ட ஒரு டொயோட்டா ஹையேஸ் வேனைப் பற்றி. 2019ஆம் ஆண்டு மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய நானும் என் தோழியும் நியூசிலாந்தின் தென் தீவில் அந்த வேனிலேயே குடியிருந்தோம். பூமியின் தென்பாதியில் அதுதான் குளிர்காலம்.

டெங்கில்காரர்களுக்குக் குளிர் என்றால் என்ன? கேமரன் மலை, கெந்திங் மலை, குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்துவிட்டுப் போகும் விரைவுப் பேருந்து. அவ்வளவுதான். லங்காட் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு மழைக்காலத்து விடியற்காலை 23 பாகையே போர்வையைத் தேட வைக்கும். அப்படிப்பட்டவள் எதற்காக வெப்பமூட்டி இல்லாத ஒரு வண்டியில், நீர் உறையும் இரவுகளில் போய்ப் படுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் என் அப்பா. அவர் கேட்ட விதம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காரணம் பணம்தான். படிப்பு முடிந்தபோது எங்கள் இருவர் தலையிலும் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருந்தது. மலேசியர்களில் 18 முதல் 30 வயது வரையிலானவர்கள் நியூசிலாந்தில் ஆறு மாதம் தங்கி, ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய வழிவிடும் விசா ஒன்று உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.70 டாலர், நம் பணத்தில் 47, 48 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டிலுக்கு வாரம் 170 டாலர் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிரைஸ்ட்சர்ச் நகரில் ஊர் திரும்பவிருந்த ஒரு ஜெர்மன் தம்பதியிடம் அந்த வேனை வாங்கினோம். பலகைக் கட்டில், பத்து சென்டிமீட்டர் நுரைமெத்தை, ஒற்றை அடுப்பு, சின்னக் கழுவுதொட்டி, நல்ல தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனித் தொட்டிகள், கட்டிலுக்கடியில் கையடக்கக் கழிப்பறை. இவையெல்லாம் இருந்ததால் வண்டியில் நீலநிறச் சான்றிதழ் ஒன்று ஒட்டியிருந்தது. மூன்று நாளைக்கு வெளியார் உதவி இல்லாமல் வண்டிக்குள்ளேயே வாழ முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று அதற்கு அளவும் உண்டு. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பல ஏரிக்கரைகளில் இலவசமாக இரவு தங்கலாம். (2023இல் சட்டம் மாறிவிட்டது. இப்போது பச்சை நிறச் சான்றிதழ். கழிப்பறையும் வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும்.)

வேலை கிடைத்த இடம் மத்திய ஒட்டாகோ. கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல், லிண்டிஸ் கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். கடலிலிருந்து விலகி, மலைகளுக்கு நடுவில் கிண்ணம் போல் கிடக்கும் நிலம். நியூசிலாந்திலேயே மழை மிகக் குறைந்த பகுதி அது. அங்குள்ள அலெக்சாண்ட்ராவில் ஆண்டு முழுவதற்கும் 400 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. வானம் தெளிந்திருப்பதால் பகலில் நிலம் வாங்கிய கொஞ்ச வெப்பமும் இரவில் மேலே போய்விடும்; குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். அருகிலுள்ள ஓஃபிர் என்ற சிற்றூரில் 1995 ஜூலை 3ஆம் நாள் உறைநிலைக்குக் கீழே 21.6 பாகை பதிவாகியிருக்கிறது. நாங்கள் இருந்த ஆண்டில் அவ்வளவு மோசமில்லை. ஆயினும் உறைநிலைக்குக் கீழே ஐந்து, ஆறு என்று இறங்கிய இரவுகள் பல.

குரோம்வெல் என்ற ஊரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில்தான் எங்கள் வேலை. குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும்போது, சென்ற ஆண்டின் கிளைகளில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டுவிட்டு மீதியை வெட்டி இழுத்துப் போட வேண்டும். எங்கள் பாட்டி பிராங் பெசார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. ‘பெரும்போர்’ என்பதுதான் அந்த மலாய்ப் பெயரின் பொருள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போன கதையைப் பாட்டி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். பேத்தி பட்டம் வாங்கிவிட்டு இன்னொரு நாட்டுத் தோட்டத்தில் கத்தரியோடு நிற்பதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “நிரையிலதான் நிக்கிறியா? கங்காணி யாரு?” என்றுதான் தொலைபேசியில் கேட்டார்.

இனி, குளிரைப் பற்றி. வேனில் குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறோம் என்றால் எல்லாரும் கம்பளி, போர்வை என்றுதான் யோசிப்பார்கள். வண்டியை விற்ற ஜெர்மன் பெண் எங்களிடம் சொன்னது வேறு. “குளிரோடு நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. தண்ணீரோடுதான் போட வேண்டும்.” அவர் சொன்னது முதல் வாரத்திலேயே விளங்கியது.

நம் ஊர்க் கடையில் ஐஸ் போட்ட மைலோ வாங்கினால் கோப்பையின் வெளிப்பக்கம் வியர்க்கும் அல்லவா? வேனுக்குள் அதே கதை, தலைகீழாக. வெளியே குளிர், நடுவில் இரும்புத் தகடும் கண்ணாடியும், உள்ளே இரண்டு பேரின் மூச்சு. இரவு முழுதும் நாம் விடும் மூச்சிலும் தோலிலும் ஒரு கோப்பை தண்ணீராவது வெளியேறுகிறது. இரண்டு பேருக்கு இரண்டு கோப்பை. அது போக வழியில்லாமல் கண்ணாடியில், கூரையில், மெத்தைக்கு அடியில் நீராகப் படிகிறது. காலையில் கூரையிலிருந்து சொட்டுவது மழையல்ல, நேற்றிரவு நாமே விட்ட மூச்சு. உறைநிலைக்குக் கீழே போன இரவுகளில் அது சொட்டக்கூடச் செய்யாது. கண்ணாடியின் உட்புறத்திலேயே வெள்ளையாக உறைந்து நிற்கும். என் பணப்பையில் சும்மா கிடந்த டச் அண்ட் கோ அட்டை அங்கேதான் பயன்பட்டது. சாவடியில் காட்ட வேண்டிய அட்டையால் தினமும் காலையில் முன்கண்ணாடியின் உள்பக்கத்துப் பனிக்கட்டியைச் சுரண்டினேன்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: குளிரும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது. கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருபக்க ஜன்னல்களையும் இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் படுத்தோம். உலர்ந்த குளிரைத் தாங்கலாம்; நனைந்த போர்வையைத் தாங்க முடியாது. மெத்தைக்கு அடியில் காற்றோடும்படி பலகைகளுக்கு இடைவெளி விட்டு, வாரம் இருமுறை மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். நம் ஊரில் வெயில் உள்ளே வராமலிருக்க மகிழுந்தின் முன்கண்ணாடியில் வைப்போமே வெள்ளித்தாள் விரிப்பு, அதே வகைச் சுருள் ஒன்றை வாங்கி ஒவ்வொரு ஜன்னலின் அளவுக்கும் வெட்டி அடைத்தோம். அங்கே அதற்கு வேலை வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பது. ஓய்வாக இருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். பழைய குண்டு மின்விளக்கு ஒன்றின் அளவு. ஒரு தகரப் பெட்டிக்குள் இரண்டு குண்டு விளக்குகள். எங்களிடம் இருந்த வெப்பமூட்டி அவ்வளவுதான்.

அடுப்பை உள்ளே எரித்தால் கதகதப்பாக இருக்குமே என்று வீட்டிலிருந்து பலரும் யோசனை சொன்னார்கள். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலே தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. ஈரத்தைத் துரத்த வேண்டிய இடத்தில் ஈரத்தை உற்பத்தி செய்வதற்கு ஒப்பாகும். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை; இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தை அது எளிதாகப் பிடித்துக்கொள்ளும். மகிழுந்தின் இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கி, எழாமலே போனவர்களைப் பற்றி நம் நாளிதழ்களிலும் படித்திருக்கிறோம். ஆகவே எங்கள் சமையல் முழுதும் பின்கதவைத் தூக்கி நிறுத்தி அதன் கீழேதான் நடந்தது. அதிலும் ஒரு சிக்கல். சிறிய அடுப்புக் குப்பிகளில் இருப்பது பியூட்டேன். உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே அது ஆவியாக மறுத்துவிடும். குப்பி நிறைய வாயு இருந்தும் அடுப்பு எரியாது. காலையில் குப்பியைச் சட்டைக்குள் கால் மணி நேரம் அணைத்து வைத்திருந்து பிறகு பற்ற வைப்போம். பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது போல் குப்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தோழியின் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் மே மாதமே மெழுகாகிவிட்டது. 24 பாகைக்குக் கீழே அது உறையும் என்று பள்ளியில் படித்ததாக நினைவில்லை. டெங்கிலில் அதற்கு வாய்ப்பே இல்லையே. கரண்டியால் சுரண்டித்தான் தாளித்தோம். கழுவுதொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் உறைந்துவிடும் என்பதால், பசியாறத் தேவையான தண்ணீரை இரவே சட்டியில் ஊற்றி அடுப்பின் மேல் வைத்துவிடுவோம். மேலே உறைந்தாலும் சட்டியோடு சூடாக்கிவிடலாம். சுடுநீர்ப் பை ஒன்று காலடியில். ஒப்பனைப் பொருள், கைப்பேசி, மறுநாள் போட வேண்டிய காலுறை எல்லாம் உறக்கப்பைக்குள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், குளிரைவிட எங்களைச் சோதித்தது இருட்டு. ஜூன் கடைசியில் அங்கே எட்டரை மணி அளவில்தான் விடியும். மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிடும். நம் ஊரில் ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறக்குறைய சரிபாதி. அங்கேயோ பதினைந்து மணி நேர இரவு. குந்தினால் தலை இடிக்கும் உயரத்தில், ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டிய அகலத்தில் எப்படி அதைக் கழிப்பது? குரோம்வெல் பொது நூலகம் இல்லாவிட்டால் எங்கள் நட்பு ஜூலை மாதத்தோடு முடிந்திருக்கும். வேலை முடிந்ததும் நேராக அங்கே போய், மூடும் வரைக்கும் வெப்பமூட்டிக்கு அருகில் உட்கார்ந்திருப்போம். பொது நீச்சல் குளத்தில் சில டாலர் கொடுத்தால் வெந்நீர்க் குளியல். துணி துவைக்கும் கடையின் உலர்த்தும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றதைப் போன்ற சுகத்தை நான் எந்தத் தங்கும் விடுதியிலும் கண்டதில்லை. வேனில் வாழ்வது சுதந்திரம் என்று படம் போடுகிறார்கள். எங்கள் வேன் நின்றது ஊரின் பொது இடங்களை நம்பித்தான்.

இருட்டு ஒன்றையும் தந்தது. ஜூலைத் தொடக்கத்தில் ஒரு விடியலுக்கு முன் கழிவுநீரைக் கொண்டு போய்க் கொட்டுவதற்காக எழுந்தபோது, வடகிழக்கு மலை முகட்டின் மேல் ஒரு சின்ன நட்சத்திரக் கொத்து தெரிந்தது. நம் கார்த்திகைப் பெண்கள்! மவோரி மக்கள் அதை மத்தாரிக்கி என்கிறார்கள். குளிர்காலத்தின் நடுவில் விடியலுக்கு முன் அது மீண்டும் தோன்றுவதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. அவ்வாண்டில் இறந்தவர்களை நினைத்துக்கொள்ளும் நேரமும் அதுவே. 2022 முதல் அது அங்கே பொது விடுமுறையும் ஆகிவிட்டது. முருகனை வளர்த்தவர்கள் அங்கே புத்தாண்டைக் கொண்டு வருகிறார்கள் என்று தோழியை எழுப்பிச் சொன்னேன். “கதவச் சாத்து” என்றாள்.

நாங்கள் வண்டியை நிறுத்தியது டன்ஸ்டன் ஏரிக்கரைகளில். லோபர்ன், பெண்டிகோ என்று மாறி மாறி. ஒரே இடத்தில் சில இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது. அந்த ஏரி இயற்கையானதல்ல. கிளைடு அணையைக் கட்டி 1992, 93ஆம் ஆண்டுகளில் நீரை நிரப்பியபோது குரோம்வெல்லின் பழைய கடைத்தெரு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. சில கட்டடங்களை மட்டும் மேட்டில் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குப் புத்ராஜெயா ஏரிதான் ஞாபகத்துக்கு வந்தது. 1990களில் புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசாரும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் போயின. லயத்து மக்கள் டெங்கிலின் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். என் தாத்தா பாட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏரியில் படகு பார்க்கப் போகும்போதெல்லாம் பாட்டி கரையில் நின்று, “இங்கதான் எங்க கோயிலு” என்று ஒரு திசையைக் கை காட்டுவார். ஒவ்வொரு முறையும் வேறு திசையாக இருக்கும்.

ஏரிக்கரையில் எங்களுக்கு அக்கம்பக்கத்தார் உண்டு. பெரும்பாலும் எங்களைப் போன்ற இளைஞர்கள்: பிரெஞ்சுக்காரர்கள், சிலி நாட்டவர்கள், தைவானியர்கள். ஆனால், பழைய பேருந்து ஒன்றைக் குடியிருப்பாக்கி வைத்திருந்த முதியவர் ஒருவரும் இருந்தார். எங்கள் பியூட்டேன் தொல்லையைப் பார்த்துவிட்டு, புரோப்பேன் தோம்பு ஒன்றை வாங்கச் சொன்னவர் அவர்தான். புரோப்பேன் உறைநிலைக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகுமாம். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். செப்டம்பர் வரை என்றோம். “நானும் செப்டம்பர் வரைதான். எந்தச் செப்டம்பர் என்று தெரியவில்லை” என்றார். வாடகையும் ஓய்வூதியமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவரைச் சந்தித்த பிறகுதான் எங்கள் வேன் வாழ்க்கையை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். 2016 குளிர்காலத்தில் ஆக்லாந்தில் குழந்தைகளோடு மகிழுந்துகளில் படுத்திருந்த குடும்பங்களுக்கு, மாங்கெரே பகுதியில் உள்ள தெ புவெயா மராய் என்ற மவோரிப் பொதுமனை தன் கதவைத் திறந்துவிட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்தக் குழந்தைகளின் கண்ணாடியிலும் எங்கள் கண்ணாடியில் படிந்த அதே நீர்தான் படிந்திருக்கும். 2023இல் வந்த சட்டத்தில், போக்கிடமில்லாமல் வண்டியில் வாழ்பவர்களை முகாமடிப்பவர்களாகக் கொள்ளக் கூடாது, அவர்களுக்கு அபராதம் போடக் கூடாது என்று தனியே ஒரு விலக்கு சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஏரிக்கரை, ஒரே குளிர், ஒரே மாதிரி வண்டி. உள்ளே படுத்திருப்பவருக்கு வேறு கதவு உண்டா இல்லையா என்று சட்டமே கேட்கிறது. எங்களுக்கு உண்டு. ஜூலையில் தோழிக்கு இருமல் நெஞ்சில் இறங்கியபோது மூன்று இரவுக்கு அறை எடுத்துத் தங்கினோம். வங்கியில் பணம் இருந்தது. டெங்கிலில் எனக்கும் பந்திங்கில் அவளுக்கும் கட்டில் இருந்தது.

அப்பா சொன்னதும் இதுதான். அவர் மணல் லோரி ஓட்டுபவர். டெங்கில் மணல் குட்டைகளிலிருந்து கோலாலம்பூரின் கட்டுமான இடங்களுக்கு நாளுக்கு எத்தனை நடை அடிக்கிறோமோ அதற்குத்தான் கூலி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாரத்தில் மூன்று, நான்கு இரவு அவர் லோரியிலேயே படுத்துவிடுவார். முன்னிருக்கையில் காலை மடக்கி, டீசல் மிச்சமாக இயந்திரத்தை அணைத்து, ஜன்னலைத் திறந்து, முன்பலகையில் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்து. அந்த இரவுகளைக் கூட்டித்தான் எங்கள் வீட்டுக்கு முன்பணம் கட்டினார். அவரிடம் போய், நான் வேனில் வாழப் போகிறேன் என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

“வீடு இல்லாதவன் வண்டியில படுப்பான்மா. நீ வண்டியில படுக்கக் கூடாதுன்னுதானே நான் படுத்தேன்.”

அதற்கு நான் வாடகைக் கணக்கைக் காட்டினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் கணக்கைப் பார்க்கவே இல்லை. நியூசிலாந்தில் இருந்த நாட்களில் வாரம் ஒருமுறை அழைப்பார். பணம் எவ்வளவு சேர்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. “கண்ணாடிய முழுசா ஏத்திடாதே” என்பார், தவறாமல். குளிரைப் பற்றி ஒன்றும் அறியாத மனிதர். மூடிய வண்டியைப் பற்றி எல்லாம் அறிந்தவர். ஆகஸ்டில் ஒரு நாள் மட்டும், “ராத்திரி அந்தக் குளிர்ல எப்படிம்மா தூக்கம் வருது?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பாட்டியிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் கொடிகளில் துளிர் விடத் தொடங்கியது. நாங்கள் கிரைஸ்ட்சர்ச்சுக்குத் திரும்பி, அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த இருவரிடம் வண்டியை விற்றோம். வாங்கிய விலையில் 300 டாலர்தான் குறைந்தது. ஜன்னல் விரிப்புகளையும் புரோப்பேன் தோம்பையும் கொடுத்து, ஜெர்மன் பெண் எங்களுக்குச் சொன்னதை அவர்களுக்குச் சொன்னோம். கோடை வரப் போகிறது என்பதால் அவர்கள் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. விடுதிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணம் என் கடனில் பாதியை அடைத்தது. மீதியை ஆசிரியர் வேலைச் சம்பளத்தில் அடைத்தேன்.

வெள்ளித்தாள் சுருளில் வெட்டாத பகுதி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாட்டியின் துணிக் கத்தரிக்கோலை எடுத்து வந்து, லோரியின் முன்கண்ணாடிக்கு அளந்து வெட்டினார். வலது ஓரத்தில் ஒரு சாண் போதவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் பழைய நாள்காட்டி அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்.